நின்ற வண்டியும் முதல் உதையும்

வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் நவம்பர் வாக்கில் மோட்டார் சைக்கிளைக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டு, மார்ச்சிலோ ஏப்ரலிலோ மீண்டும் கிளப்பும் வழக்கம் இன்று பருவத்தோடு பிறந்த ஒன்றைப் போலத் தோன்றினாலும், அது பனியால் மட்டும் உண்டானதன்று. பிரிட்டனில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும், அதன்பின் 1950கள் வரையிலும், மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தில் பூட்டிய சைடுகாரும் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களின் ஒரே வண்டியாக இருந்தன. ஆலைக்குப் போகிறவர் ஜனவரி மூடுபனியிலும் அதில்தான் போயாக வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் முடக்கி வைத்தவர், அது இல்லாமலும் பிழைப்பை நடத்த வழியுள்ளவரே. 1959இல் மினி கார் சந்தைக்கு வந்ததும், அதையொட்டிய ஆண்டுகளில் சிறிய கார்கள் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு இறங்கியதும் மோட்டார் சைக்கிளை வீட்டின் இரண்டாம் வண்டியாக, நல்ல வெயில் நாளுக்கான வண்டியாக மாற்றின. குளிர்கால முடக்கம் பொது வழக்கமாக வேரூன்றியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

பின்னர் சட்டமும் அதற்கு இடங்கொடுத்தது. பிரிட்டனில் 1998 முதல், வண்டி சாலையில் ஓடவில்லை என்று அரசுக்கு முறைப்படி அறிவித்துவிட்டால் அந்தக் காலத்துக்குச் சாலை வரி கட்ட வேண்டியதில்லை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியோ 1997இலேயே பருவகால எண்பலகையை அறிமுகப்படுத்தியது: பலகையின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மாத எண்கள் இருக்கும், மேலே 03, கீழே 10 என்றிருந்தால் அந்த வண்டி மார்ச் முதல் அக்டோபர் வரை மட்டுமே சாலைக்கு உரியது, மற்ற மாதங்களில் அதைப் பொதுத் தெருவில் நிறுத்தி வைக்கவும் கூடாது. பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவப்படும் உப்பு அலுமினியத்தையும் குரோம் பூச்சையும் அரித்துவிடும் என்ற அச்சம் மீதி வேலையைச் செய்தது. இதற்கு அடங்காத ஒரு கூட்டமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1956 ஜனவரியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே சிலர் கூடியதில் தொடங்கிய 'யானைகளின் சந்திப்பு' என்ற குளிர்காலக் கூட்டம், நடுங்கும் குளிரில் வண்டியோட்டி வந்து பனியில் கூடாரம் அடிப்பவர்களால் இன்றும் நடத்தப்படுகிறது. சுண்டாப் நிறுவனத்தின் 'பச்சை யானை' என்ற பட்டப்பெயர் கொண்ட வண்டியால் வந்த பெயர் அது.

நான்கைந்து மாதம் நின்ற வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் பெட்ரோலில் இருக்கிறது. பெட்ரோல் ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் லேசான கூறுகளும் கனமான கூறுகளும் கலந்த கலவை அது. குளிர்ந்த எஞ்சினில் தீப்பற்ற உதவுபவை அந்த லேசான கூறுகளே. வண்டி நிற்கும்போது முதலில் பறந்துபோவனவும் அவையே. எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகத் திரண்டு, கார்புரேட்டரின் சிறிய ஜெட்டில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பெட்ரோலை அளந்துவிடும், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையில், படிந்து அடைத்துக்கொள்கிறது. ஆகவே டேங்கை முழுக்க நிரப்பிவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை மட்டும் வடித்துவிட வேண்டும் என்ற இரட்டை விதி பழகியவர்களிடையே நிலைத்தது. நிறைந்த டேங்கில் ஈரக்காற்றுக்கு இடமில்லாததால் உட்புறத் தகடு துருப்பிடிக்காது, காய்ந்த கிண்ணத்தில் பிசினும் சேராது. பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கும் முறை ஜெர்மனிக்கு 2011இலும் பிரிட்டனுக்கு 2021இலும் வந்தபின், ஈரத்தை உறிஞ்சும் அதன் இயல்பு இந்தக் கவலையைக் கூட்டியது; கடைசியாக நிரப்பும்போது மட்டும் எத்தனால் குறைந்த உயர்வகைப் பெட்ரோலைத் தேடுபவர்கள் பெருகினார்கள்.

பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் இதற்குமேல் ஒரு தொல்லையையும் வைத்திருந்தன. அவற்றில் பலவற்றுக்கு எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். பம்பு அதை எஞ்சினுக்குள் அனுப்பி மீண்டும் இழுத்துக்கொள்ளும். வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது, தேய்ந்த பம்பின் இடுக்கு வழியாக அந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி எஞ்சினின் அடிப்பகுதியை நிரப்பிவிடும். இதை அறியாமல் கிளப்பியவருக்குப் புகையும், மூச்சுக்குழாய் வழியே பீறிடும் எண்ணெயுமே கிடைத்தன. அறிந்தவர் முதலில் அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வடித்து மீண்டும் தொட்டியில் ஊற்றினார். அடுத்து, ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகள் பிரிவதற்காகக் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைச் சிலமுறை மிதித்தார். பிறகு ஆமல் கார்புரேட்டரின் மேலுள்ள சிறு குமிழை, பெட்ரோல் விரலில் கசியும்வரை அழுத்தினார். இதற்கெல்லாம் பேட்டரி தேவைப்படவில்லை. எஞ்சினோடு சுழன்று தானே மின்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ, 1902இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த வடிவம் கொடுத்ததிலிருந்து, அரை நூற்றாண்டு காலம் மோட்டார் சைக்கிளின் நம்பிக்கையான துணையாக இருந்தது. ஈரம் ஏறிய மேக்னெட்டோவைக் கழற்றி அடுப்பருகே உலர்த்துவதே அது கேட்ட அதிகபட்ச உபசாரம்.

கிக்கரே பிந்தி வந்ததுதான். தொடக்ககால வண்டிகளை மிதிகட்டையால் மிதித்தோ தள்ளிக்கொண்டு ஓடியோ கிளப்பினார்கள். ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908 வாக்கில் தம் வண்டிகளில் உதைத்துக் கிளப்பும் நெம்புகோலைப் பொருத்தினார். பொத்தானை அழுத்திக் கிளப்பும் ஆசையும் பழையதே: அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914இலேயே மின்சாரத்தால் கிளம்பும் ஒரு வண்டியை விற்றுப் பார்த்தது, அக்காலப் பேட்டரி அந்தச் சுமையைத் தாங்காததால் முயற்சி அதோடு நின்றது. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிக்கு 1965இலும், ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் சிபி 750க்கு 1969இலும் அந்த வசதி வந்தது. ஹோண்டா கிக்கரையும் கூடவே வைத்திருந்தது; பின்வந்தவர்கள் அதைத் தேவையற்ற சுமையாகக் கருதி எடுத்தார்கள்.

கிக்கரின் கலை முழுமை பெற்ற வண்டியைத் தமிழ் வாசகர்கள் நன்கறிவார்கள். இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்து, 1955இல் தொடங்கிய கூட்டு முயற்சியால் சென்னை திருவொற்றியூரில் நிலைத்து, 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனுக்கே ஏற்றுமதியான ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கு, குளிர்நாட்டுக்காரர் வசந்தத்தில் செய்ததும் திருவொற்றியூர்க்காரர் அன்றாடம் செய்ததும் ஒன்றே: கிக்கரை மெதுவாக அழுத்தி ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டு, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, கையை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

மின்பொத்தான் வென்றபின் வசந்தத்தின் கவலை முழுவதும் பேட்டரியின்மேல் விழுந்தது. ஈய அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலும் மின்னை இழக்கும். மின் குறைந்த தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு அதன் கொள்திறனைத் தின்றுவிடும். முற்றிலும் இறங்கிய பேட்டரியின் திரவம் உறைநிலைக்கு ஏழெட்டு டிகிரி கீழேயே உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யும். சொட்டுச் சொட்டாக மின்னேற்றி, நிறைந்ததும் தானே அடங்கும் சார்ஜர் கொட்டகைகளுக்குள் நுழைந்தது இதனால்தான். குளிர்காலத்தில் அவ்வப்போது பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும் வழக்கம் பலருக்கும் பிடித்தமானது என்றாலும் அது நன்மையைவிடத் தீமையே செய்வது. சூடேறாத எஞ்சினிலும் சைலன்சரிலும் நீராவி படிந்து துருவாகும், பொத்தானில் செலவான மின்னும் திரும்ப ஏறாது.

ஐரோப்பிய மாசு விதிகளின் நெருக்கத்தால் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்பம்பால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. ஜெட்டில் பிசின் என்ற பழைய நோய் பெருமளவு ஒழிந்தது. ஆனால் அந்தப் பம்புக்கும் மின் வேண்டும். 2021இல் புதுவடிவில் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் கிக்கர் கிடையாது. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால், எப்படிப்பட்ட கால் வலிமையும் அதைக் கிளப்பாது.