குதிரை தேய்க்கும் பிரஷ்கள்

குதிரையின் உடம்பில் படியும் மண், வியர்வை உப்பு, பொடுகு, உதிர்ந்த முடி ஆகியவற்றை நீக்கவும் தோலைத் தேய்த்துவிடவும் பயன்படும் கருவிகள். ரப்பர் தேய்ப்பான், டாண்டி பிரஷ், பாடி பிரஷ், இரும்புத் தேய்ப்பான், குளம்புக் கொக்கி ஆகியவை ஒரு குதிரைக்குக் கட்டாயம் வேண்டியவை. இவற்றில் எதை எவ்வளவு பயன்படுத்துவது என்பது குதிரை நிற்கும் இடம், செய்யும் வேலை, ஊரின் வெயில், மழை ஆகியவற்றைப் பொறுத்தது.

பாண்டிய நாட்டில் குதிரைப் பராமரிப்பு பழைய சிக்கல். தாமிரபரணி கடலைச் சேரும் இடத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகத்தில் 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததாகவும், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லாததே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வறண்ட நாட்டுக் குதிரைக்கு இந்த மண்ணின் புழுக்கமும் தீனியும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்பதை மட்டும் நம்பலாம்.

இக்குறிப்பு முன்வைக்கும் ஊரான கீழப்பாவூர், அதே பாண்டிய நாட்டில் தென்காசிக்குக் கிழக்கே உள்ளது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே பெரும்பாலும் காற்றும் புழுதியும்தான். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். குதிரைக்குக் குளிர்நாடுகளில்போல் அடர்ந்த குளிர்கால முடி இங்கே வளர்வதில்லை. குட்டை முடி, மெல்லிய தோல், ஓயாத வியர்வை என்ற நிலைக்கு ஏற்றபடி பிரஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடினமான பிரஷ் நன்றாகச் சுத்தம் செய்யும் என்று எண்ணி வாங்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

வேலை ரப்பர் தேய்ப்பானில் தொடங்குகிறது. கழுத்து, தோள், விலா, தொடை போன்ற சதைப்பிடிப்பான இடங்களில் அதை வட்டவட்டமாக ஓட்டினால் அடியில் ஒட்டிய அழுக்கும் செத்த முடியும் மேலே கிளம்பும். முகத்திலும், முழங்காலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் இடங்களிலும் இதை வைக்கக் கூடாது. கிளம்பிய புழுதியை, விறைப்பான நீள முடியுள்ள டாண்டி பிரஷால் முடி படிந்திருக்கும் திசையில் சிறுவீச்சாகத் தட்டி எறிய வேண்டும். சேறு காய்ந்த பிறகே இதைத் தொட வேண்டும். ஈரச் சேற்றைத் தேய்த்தால் மணல் தோலுக்குள் அழுந்தும். அதன்மேல் சேணமோ வண்டியின் மார்புப்பட்டையோ ஏறினால் புண்தான்.

வாங்கும்போது பிரஷை முழங்கையின் உள்பக்கம் இரண்டு முறை இழுத்துப் பார்க்கலாம். நம் தோலில் கீறல் விழுந்தால் அது குதிரைக்கும் ஆகாது. துணி துவைக்கும் நைலான் பிரஷின் முனைகள் கூர்மையானவை, அது குளம்பைக் கழுவ மட்டும் உதவும். பனைமட்டையின் அடிப்பாகத்திலிருந்து எடுக்கும் தும்பும் அப்படியே. தூத்துக்குடியிலிருந்து பிரஷும் துடைப்பமும் செய்ய வெளிநாட்டுக்குக் கப்பலேறிய சரக்கு அது. நனைந்தாலும் விறைப்புக் குறையாது. குளம்புக்கும் லாயத்துத் தரைக்கும் அதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆனால் உடம்பில் படக் கூடாது.

பாடி பிரஷில் குட்டையான மெல்லிய முடி நெருக்கமாக இருக்கும். கையை நுழைத்துக்கொள்ள முதுகில் ஒரு பட்டை இருக்கும். இடப்பக்கம் தேய்க்கும்போது இடக்கையில் பிரஷும் வலக்கையில் இரும்புத் தேய்ப்பானும் பிடித்து, குதிரையிலிருந்து சற்று விலகி நின்று, உடம்பின் எடையைக் கையில் சாய்த்து நீளமாக இழுக்க வேண்டும். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை பிரஷை இரும்புத் தேய்ப்பானில் உரசி அழுக்கை உதறுவது வழக்கம். இரும்புத் தேய்ப்பானின் வேலை அதுதான். அதைக் குதிரைமேல் போடுவது கொடுமை. முகத்துக்கு மிக மெல்லிய சிறு பிரஷ் வேண்டும். வாலுக்குக் கைவிரலே சிறந்தது. இழுத்துச் சீவினால் அறுந்துபோகும் வால்முடி மறுபடி முழு நீளம் வளரச் சில ஆண்டுகள் ஆகும்.

தோப்பில் வெளியே கட்டியிருக்கும் குதிரைக்கு மழைக்காலத்தில் பாடி பிரஷை அழுத்திப் போடக் கூடாது. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையே அதற்கு மழைக்காப்பு. அந்தப் பசை போய்த் தோல் ஊறினால் முதுகில் பொருக்குப் பொருக்காக மழைப்புண் வரும். அப்படி வெளியே நிற்கும் குதிரைக்கு ரப்பர் தேய்ப்பானும் டாண்டி பிரஷும் போதும். கூரைக்குக் கீழ் நிற்கும் பந்தயக் குதிரைக்கும் ஊர்வலக் குதிரைக்கும் தினம் பாடி பிரஷ் போடலாம்.

ஓடி வந்த குதிரையின் மேல் நுரை படிவதற்கு அதன் வியர்வையிலுள்ள லேத்தரின் என்னும் புரதம் காரணம். அது உப்போடு சேர்ந்து காய்ந்தால் முடி கொத்துக்கொத்தாக ஒட்டும். நடத்தி ஆற்றிய பிறகு நீரூற்றி வழித்துவிட்டு, உலர்ந்தபின் பிரஷ் போட வேண்டும். குளிப்பாட்ட வசதியில்லாத இடத்தில் முறுக்கிய வைக்கோல் புரியால் தேய்த்து உலர்த்துவது பழைய முறை. இன்றும் அது பயனுள்ளதே.

தேய்க்கும்போது குதிரையின் காதையும் வாலையும் கவனிக்க வேண்டும். காது பின்னே சாய்வதும், வால் விசிறுவதும், தோல் சுரீரென நடுங்குவதும் வலியின் அறிகுறிகள். வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. பல நோய்கள் முதலில் தெரியவருவது தேய்ப்பவரின் கைக்குத்தான்.

படர்தாமரை பிரஷ் வழியாக ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கும், அதைத் தேய்க்கும் மனிதருக்கும் தொற்றும். ஆகவே ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ் வேண்டும். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் முடிப்பக்கத்தை மட்டும் அலசி, முடி கீழ்நோக்கியிருக்க வெயிலில் உலர்த்தினால் மரமுதுகில் நீர் தங்கி உளுத்துப்போகாது. தொற்று வந்த குதிரையின் பிரஷைக் கிருமிநாசினியில் ஊறவைத்துத் தனியே வைக்க வேண்டும். மலிவான பிரஷாக இருந்தால் எரித்துவிடலாம்.