அடித்தல் திருத்தல்

எங்க மாமா நாகர்கோவிலில் ஆதாரம் எழுதுபவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எழுதும்போது ஒரு சொல் தப்பினால் சுரண்டி அழிக்கமாட்டார். கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதுவார். கடைசியில் எந்தப் பக்கம், எந்த வரி, என்ன அடித்தல், என்ன திருத்தல் என்று குறித்துக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். "லே மக்கா, அடிச்சது எது, எழுதுனது எதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா தெரியாண்டாமா?"

லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்பியபோது மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். பேட்ச் என்பது அடித்தல் திருத்தல் பட்டியல், அவ்வளவுதான். நீக்கிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்த்ததுக்குக் கூட்டல் குறி. மேலும் கீழும் மாறாத மூன்று மூன்று வரிகள், ஆதாரத்தில் நான்கெல்லை சொல்வதுபோல. வித்தியாசத்தைக் காட்டும் 'டிஃப்' 1974இலேயே யுனிக்ஸோடு வந்துவிட்டது. அந்த வித்தியாசத்தை வாங்கி மூலக்கோப்பில் பொருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் எழுதியது 1985இல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை வெளியிட்ட பிறகு உலகமெங்கிருந்தும் திருத்தங்கள் இந்த வடிவில்தான் மெயிலில் வந்து குவிந்தன.

என் பேட்ச் பொருந்தவே இல்லை. நான் வைத்திருந்த மெயில் செயலி டேப்களை எல்லாம் வெற்றிடங்களாக மாற்றித் தொலைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிழை! இணைப்பாக அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். மெயிலிலேயே எழுத்தாக இருந்தால்தான் படிப்பவர் வரிக்கு வரி கீழே கேள்வி எழுத முடியும்.

இதைவிடக் குழப்பியது கையெழுத்து. விளக்கத்துக்குக் கீழே 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பெயரும் மெயில் முகவரியும் போட வேண்டும். இந்த வரி ஆரம்பத்தில் கிடையாது. 2003 மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. தங்களுடைய யுனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்பது புகார். வருடக்கணக்காக இழுத்த வரப்புத் தகராறு. எந்த வரி யார் வழியாக உள்ளே வந்தது என்பதற்கு ஒழுங்கான தடம் தேவைப்பட்டது. 2004 மே மாதம் லினஸ் இந்த வரியை முன்வைத்தார். 'இதை நான் எழுதினேன், அல்லது தருவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது' என்பதே அதன் பொருள். பேட்சை வாங்கி மேலே கடத்துபவரும் தன் பெயரைக் கீழே சேர்ப்பார். நம்முடைய பழைய கல்வெட்டுகளின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று வரிசையாக வருமே, அதேதான்.

உண்மைப் பெயர் வேண்டும், புனைபெயர் கூடாது என்றது அன்றைய விதி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டேன். வந்த பதில் அப்பாவை விளித்து வணக்கம் சொன்னது. அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. 2023இல் அந்த விதியை 'அறியப்பட்ட அடையாளம்' என்று தளர்த்தினார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு மட்டும் இன்னும் இடமில்லை.

டேப்பைச் சரிசெய்து 'வி2' என்று தலைப்பில் போட்டு மறுபடி அனுப்பினேன். முதல் தடவை என்ன தப்பு என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதினேன். அங்கே எழுதுவது வரலாற்றில் ஏறாது, படிப்பவருக்கு மட்டும். சில நாளில் என் வரிக்குக் கீழே இன்னொருவர் வரி சேர்ந்திருந்தது.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரெண்டு சாட்சி வேணும்லா, ஒண்ணுதான இருக்கு?"