மெய்க்கீர்த்தியும் மெய்யும்

முகநூலிலே ஒரு பெயர், யூடியூபிலே ஒரு குரல், இன்ஸ்டாகிராமிலே ஒரு படம் என்று மனிதர்கள் ஒரே சமயத்தில் பல வீதிகளில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் காலம் இது. எந்த வீதியில் பார்த்தாலும் 'இவர் இன்னார்' என்று சட்டென்று தெரியவேண்டும். அதற்காக ஒரே படம், ஒரே அடைமொழி, தம்மைப் பற்றி ஒரே நாலு வரி. இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கத் தனி ஆசான்களும் தோன்றியிருக்கிறார்கள். ஆனால் சரித்திரத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ள வாசகர்களுக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் தஞ்சையிலிருந்து அரசாண்ட ஒருவர் இதைக் கருங்கல்லில் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

முதலாம் ராஜராஜ சோழர் கி.பி. 985-ல் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு முந்தைய சோழர்களும் கோயில் சுவர்களில் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் தங்களைப் பற்றி மிகச் சிக்கனமாக எழுதினார்கள். முதலாம் பராந்தகர் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்பதோடு திருப்தி அடைந்தார். இதில் ஒரு தொல்லை உண்டு. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்னும் இரண்டு பட்டங்களையே மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டவர்கள். பாட்டனும் ராஜகேசரி, பேரனும் ராஜகேசரி என்றால், கல்லிலிருந்து பேசுகிறவர் பாட்டனா, பேரனா? ஆராய்ச்சியாளர்கள் எழுத்தின் வளைவையும் சுழிவையும் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று.

ராஜராஜர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் பட்டத்துக்கு வந்து சுமார் எட்டு ஆண்டுகள் ஆன சமயத்திலிருந்து, அவருடைய கல்வெட்டுகளின் தொடக்கத்தில் ஒரு தமிழ் வாசகம் காணப்படுகிறது. அதுதான் மெய்க்கீர்த்தி. திருமகளைப் போலவே நிலமகளும் அவருக்கு உரியவளானாள் என்று ஆரம்பித்து, வென்ற நாடுகளை வரிசையாக அடுக்கி, ஆட்சியாண்டில் வந்து நிற்கும். கொடுத்த தானம் பெரிதோ சிறிதோ, ஊர் காவிரிக் கரையோ, தொண்டை நாட்டு உக்கலோ, கங்கர்கள் ஆண்ட கோலார்ச் சீமையோ, ஆரம்பம் ஒன்றுதான். புதிதாக ஒரு நாடு கைக்கு வந்தால் பட்டியலில் ஒரு பெயர் கூடும். ஈழம் சேர்ந்தது, இரட்டபாடி ஏழரை இலக்கம் சேர்ந்தது, கடைசி ஆண்டுகளில் கடலின் நடுவேயுள்ள பழந்தீவு பன்னீராயிரமும் சேர்ந்தது. தொடக்கம் மட்டும் மாறவில்லை. அச்சு யந்திரம் இல்லாத காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஒவ்வோர் ஊரிலும் ஒரு கல்தச்சன் உளி பிடித்து, எழுத்தெழுத்தாக அந்த வாசகத்தை வெட்டியாக வேண்டும். பின்னால் வந்த சோழர்களும் ஆளுக்கொரு தொடக்கம் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று, அரசன் பெயர் சிதைந்துபோன கல்லிலும் முதற்சொற்களைக் கண்டதுமே ஆளைச் சொல்லிவிட முடிகிறது.

சுவரோடு விட்டாரா? வளநாடுகளுக்கெல்லாம் தம் விருதுப் பெயர்களை இட்டார்: அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு, நித்தவினோத வளநாடு. தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று. ஈழத்தில் வென்ற பகுதி மும்முடிச் சோழ மண்டலமாயிற்று. காசுகளில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று பொறித்தார்கள். உழவன் தன் ஊருக்கு வழி சொன்னாலும், வியாபாரி காசை எண்ணினாலும், ராஜாவின் பெயர் குறுக்கே வந்துகொண்டேயிருந்தது.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை. இவ்வளவும் செய்தவர் தம் முகத்தை நமக்குத் தெளிவாக விட்டுச் செல்லவில்லை. காசில் நிற்கும் உருவம் வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கிறது. 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களில் ஒன்றை ராஜராஜர் என்று காட்டுகிறார்கள். அறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

முகம் போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மெய்க்கீர்த்தியில் இரட்டபாடி என்பது வெற்றிப் பட்டியலில் ஓர் இனம். கன்னட நாட்டில் ஹொட்டூர் என்ற ஊரிலுள்ள சாளுக்கியக் கல்வெட்டு அதே படையெடுப்பை வேறு விதமாகச் சொல்கிறது. 1007-ஐச் சேர்ந்தது அது. சோழன் ஒன்பது லட்சம் சேனையோடு வந்தான், நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றான், முடிவில் சத்தியாசிரயன் அவனை விரட்டினான் என்கிறது. அந்தப் படையை நடத்தியவர் இளவரசர் ராஜேந்திரர். எதிரி எழுதியதில் மிகை இருக்கத்தான் செய்யும்; ஒன்பது லட்சத்தை நானும் அப்படியே நம்பவில்லை. ஆனால் ஜயித்தவர் எழுதியதில் மட்டும் மிகை இல்லையா? தம் எல்லைக்குள் எத்தனை சுவர்களில் வேண்டுமானாலும் ஒரே வாசகத்தை எழுதச் செய்யலாம். பக்கத்து நாட்டுச் சுவரில் அவன் எழுதுவது அவன் பட்டதைத்தான்.

அப்படியானால் மெய்யான ராஜராஜரை எங்கே தேடுவது? நான் தஞ்சைக்குப் போகிறபோதெல்லாம், மெய்க்கீர்த்தி முடிந்து கணக்குத் தொடங்கும் இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். தாம் கொடுத்ததையும், தம் அக்கன் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுக என்று அவர் அங்கே ஆணையிட்டிருக்கிறார். வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் வீடு என்பது வரை எழுதியிருக்கிறது. ஒரு பங்குக்கு நூறு கலம் நெல். விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், வண்ணார், நாவிதர், தையற்காரர் யாரும் விட்டுப்போகவில்லை. பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வந்தபோது அந்தப் பெண்களின் மனம் என்ன பாடுபட்டது என்று மட்டும் கல் சொல்லவில்லை.

வாசலில் பெயர்ப்பலகை வேண்டியதுதான். அது எல்லா வாசலிலும் ஒரே மாதிரி இருந்தால் தேடி வருகிறவனுக்குச் சௌகரியம். ஆனால் பலகையைப் படித்தவன் வீட்டுக்குள் இருப்பவரை அறிந்துகொண்டதாக நினைக்கக் கூடாது. பலகையை மாட்டியவரும் அப்படி நினைக்கக் கூடாது. திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை என்ற பெண்ணுக்கு மெய்க்கீர்த்தி கிடையாது. ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு பங்கு, அவ்வளவுதான். மன்னரின் வெற்றிகளைக் கரைத்துக் குடித்த பிறகும், என் மனத்தில் நின்று கதை கேட்பவள் அவள்தான்.