கல்லின் அளவும் தாளின் அளவும்

சில ஆண்டுகளுக்கு முன், காவிரியின் கிளையாறு ஒன்றை அடுத்த சிற்றூர்ப் பங்கில் நாம் பணியாற்றியபோது, கல்லறைத் தோட்டச் சுவரில் பதித்திருந்த பழங்கல் ஒன்று பொரிந்து உதிரத் தொடங்கியது. அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் பெயர்களை அறிய அக்கல்லன்றி வேறு சான்று இல்லை. பங்கேட்டின் அந்தப் பக்கங்களைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. இன்னொரு மழையை அது தாங்காது என்று கண்டு, அதே எழுத்தை அதே அளவில் புதுக்கல்லில் வெட்டுவித்து அதே மாடத்தில் பதிக்க எண்ணினோம். கைப்பேசியால் படமெடுத்து, அளவையும் எழுதிக் கொடுத்து, நகரத்து நிழற்படக் கடை ஒன்றில் அச்சிட்டு வாங்கினோம். கல்தச்சர் அத்தாளைப் பழங்கல்லின்மேல் விரித்துப் பார்த்தார். "சாமி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்லு இந்த அளவு இல்லீங்களே" என்றார். கல்லில் வரியின் நீளம் 18 அங்குலம், தாளில் 17¼.

கல்லெழுத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் இந்தச் சிக்கல் தஞ்சைக்குப் புதியதன்று. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி 1856-ல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே சட்டத்துள் அடக்க இயலாது என்று கண்டு, பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அதன் ஒட்டுவாய்கள் கண்ணுக்குத் தெரியாதபடி கைவேலையும் செய்தார். மெழுகு பூசிய தாளே அவருக்கு எதிர்ப்படச் சுருள். அதனை வேதிப்பூச்சிட்ட தாளோடு நெருக்கி வைத்து வெயிலில் காட்டினால் படம் பதியும். ஆகவே எதிர்ப்படம் எவ்வளவோ அச்சுப்படமும் அவ்வளவே. கூட்டவும் குறைக்கவும் அங்கே இடமில்லை. ஆயினும் அது எதிர்ப்படத்தின் அளவேயன்றிக் கல்லின் அளவன்று. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். அரசுக் கணக்கில் அன்றும் இன்றும் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய செலவுதானே!

கல்லின் அளவையே தாளில் கொண்டுவந்தவர்கள் பின்னர் வந்த கல்வெட்டறிஞர்கள். 1886-ல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ட்ஸ், பெரிய கோயில் கல்வெட்டுகளை 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிடலானார். இத்துறையில் நிலைபெற்ற முறை மைப்படி எடுத்தல். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவர். பள்ளத்தில் மை படாது. கருந்தாளில் எழுத்து வெண்மையாய் நிற்கும். காய்ந்தபின் உரித்தெடுத்தால் எழுத்து கல்லில் எந்த அளவோ தாளிலும் அதே அளவு. இவ்வாறு சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. நம் கல்லறைக்கல்லுக்கும் மைப்படி எடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். தூரிகையின் முதல் அடியிலேயே எழுத்து உதிர்ந்திருக்கும்; அதனால்தான் கைப்பேசியை நாடினோம்.

கைப்பேசிப் படத்திற்கோ அளவென்பதே கிடையாது. அது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. குறுக்கே 3000 புள்ளிகள் உள்ள படத்தை அங்குலத்திற்கு 300 வீதம் அச்சிட்டால் 10 அங்குலம்; 150 வீதம் அச்சிட்டால் 20 அங்குலம். போதாக்குறைக்கு, தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படத்தைச் சற்றே சுருக்கிக்கொள்ளும் ஏற்பாடு அச்சுப்பொறியில் முன்னரே அமைந்திருப்பதுண்டு. நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்தால் திருமணப் படத்தில் யாருக்கும் தெரியாது. நமக்கோ முக்கால் அங்குலம் போயிற்று.

இங்கே இராசராசனின் கல்வெட்டுகள் நமக்கு வழிகாட்டின. கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை அவை முழம், விரல், தோரை என்று நுணுகிச் சொல்கின்றன. தோரை என்பது மலைநெல்; விரலினும் சிறிய அளவுக்கும் அதுவே பெயர். நெல் விளையும் நாட்டிற்குப் பொருத்தமான அளவுதான். அதனினும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. எந்த முழத்தால் அளந்தது என்றும் அக்கல்வெட்டுகள் சொல்கின்றன: கோயிலில் வைத்திருந்த முழக்கோலால். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர் உண்டு. எண்ணை மட்டும் எழுதிவிட்டு அளவுகோலைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஆயிரம் ஆண்டு கழித்து வந்த நமக்கு அந்த எண்ணால் பயன் என்ன?

நாமும் கோலைப் படத்துக்குள்ளேயே வைத்தோம். கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் கிடையாக ஓர் அடிக்கோலும் நிலையாக ஓர் அடிக்கோலும் பொருத்தினோம். கோல் கல்லுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரிதாய்த் தெரிந்து கணக்கைக் கெடுக்கும். கைப்பேசி சாய்ந்தாலோ எழுத்து ஒரு பக்கம் குறுகும். ஆதலின் கல்லுக்கு நேர் எதிரே முக்காலியில் அதை நிறுத்தினோம். கடையில் தாளுக்கேற்பச் சுருக்கும் ஏற்பாட்டை நீக்கச் சொல்லி, வெளிவந்த படத்திலுள்ள கோலின்மேல் நம் கோலை வைத்துப் பார்த்தோம். முதல் தாள் ஒரு நூல் குறைந்தது. இரண்டாவது தாளில் கிடைக்கோலும் நிலைக்கோலும் பன்னிரண்டு அங்குலத்திற்குச் சரியாக நின்றன.

கல்தச்சர் தாளைப் பழங்கல்லின்மேல் மீண்டும் விரித்தார். ஓரங்களைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு படத்தில் விழுந்திருந்த அடிக்கோலைச் சுட்டி, "இதையும் வெட்டணுமா சாமி?" என்று கேட்டார்.