கோசோவில் எஞ்சிய நாற்பது பேர்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், சாலைகள் பாழ்பட்டும் மக்கள் கையில் காசின்றியும் கிடந்த இத்தாலியில், பியாஜியோ நிறுவனத்தார் முதலில் ஒரு ஸ்கூட்டரைச் செய்து விற்றனர். 'வெஸ்பா', அதாவது குளவி, என்பது அதன் பெயர். 1948-இல் அதே ஸ்கூட்டரின் பின்புறம் இரு சக்கரங்களையும் ஒரு சுமைத்தட்டையும் பொருத்தி 'ஆப்பே' என்னும் மூன்று சக்கர வண்டியை வெளியிட்டனர். ஆப்பே என்றால் தேனீ. இரண்டையும் வடிவமைத்தவர் விமானப் பொறியாளரான கொர்ராதீனோ தாஸ்கானியோ. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஆட்டோவுக்கு மூதாதை இந்தத் தேனீதான்; 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்றே அதை இங்கே செய்யத் தொடங்கியது.

சுமை இழுக்கப் பிறந்த இவ்வண்டி இன்று மத்தியதரைக் கடல் தீவுகள் பலவற்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரிகிறது. அத்தீவுகளின் பழைய ஊர்த் தெருக்கள் கழுதைகளுக்காக அமைந்தவை, பேருந்து நுழையாது. மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோத் தீவை அத்தகைய வண்டியில், வழிகாட்டியாகவும் விளங்கிய ஓட்டுநரோடு ஒரு நாள் முழுதும் சுற்றிவரும் வாய்ப்பு, புனித பவுலின் அடிச்சுவடுகளைத் தேடிய திருப்பயணத்தின்போது எனக்குக் கிட்டியது. கண்ட காட்சிகளை அடுக்குவது என் நோக்கமன்று. அந்த வண்டி நின்ற இடங்களில் கேட்ட வரலாற்றையும், அது நில்லாத இடங்களில் புதைந்துள்ள வரலாற்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

கோசோ சிறிய தீவு. நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7 கிலோமீட்டர். மால்டாவின் வடமுனைத் துறையில் கப்பலேறினால் அரைமணி நேரத்துக்குள் இம்ஜார் துறையில் இறங்கிவிடலாம். இறங்கியதும் கண்ணில் படுவது ஷெவ்கீயா என்னும் ஊரின் திருமுழுக்கு யோவான் ஆலயத்து மாபெரும் குவிமாடம். சில ஆயிரம் பேரே வாழும் பங்கு அது. 1951-இல் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. பழைய ஆலயத்தை இடிக்காமல், அதைச் சுற்றியே புதிய ஆலயத்தை எழுப்பினார்கள்; புதிய சுவர்கள் உயர உயர, உள்ளே பழைய பீடத்தில் திருப்பலி தடையின்றி நடந்துவந்தது. கோவில் கட்டும் பொறுப்பில் சிக்கிய பங்குத்தந்தை எவரும் இச்செய்தியைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

ஜகந்தீயாவின் கற்கோவில்கள் கி.மு. 3600 அளவில் எழுந்தவை. எகிப்தின் பிரமிடுகளுக்கு ஆயிரம் ஆண்டு முற்பட்டவை. வடகரையில் ஷ்வேய்னி என்னுமிடத்தில் சுண்ணாம்புப் பாறையையே பாத்தி பாத்தியாகக் குடைந்து, கடல்நீரைத் தேக்கி, கோடை வெயிலில் உப்பு விளைவிக்கிறார்கள். மேற்கே த்வேய்ரா கடற்கரையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி வெறும் வானத்தைச் சுட்டிக் காட்டினார். பாறை வளைவு ஒன்று அங்கே கடலுக்குள் கால் ஊன்றி நின்றது; 2017 மார்ச் 8-ஆம் நாள் புயலில் சரிந்து மறைந்தது. இல்லாத வளைவைக் காட்டுவதற்காகவே வண்டிகள் இன்றும் அங்கே வந்து நிற்கின்றன. அதை நான் குறைகூறவில்லை. ஆயினும் அன்று மாலைக்குள் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: இல்லாத பாறையைக் காட்டத் தெரிந்த நமக்கு, இல்லாமற்போன மனிதரைக் காட்டத் தெரியவில்லை.

தீவின் நடுவே தலைநகர் ரபாத். 1887-இல் இங்கிலாந்து அரசியின் பொன்விழாவை முன்னிட்டு அதற்கு விக்டோரியா என்று பெயர் மாற்றினார்கள். ஊரார் பலர் இன்றும் ரபாத் என்றே அழைக்கின்றனர். நகருக்கு மேலே குன்றின்மீது கோட்டை. வண்டி அதன் அடிவாரத்தில் நின்றுவிடும். மேலே நடந்துதான் ஏற வேண்டும்.

1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், மால்டா, கோசோ ஆகிய தீவுகளையும் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலிக் கோட்டையையும் புனித யோவான் சபையின் போர்வீரத் துறவியருக்கு அளித்தார். நோயாளரைப் பேணத் தொடங்கிப் பின்னர் வாளேந்திய சபை அது. 1551 ஜூலைத் திங்களில் சினான் பாஷாவின் தலைமையில் துருக்கியக் கடற்படை மால்டாவில் இறங்கியது. கடல்வீரன் திராகுத்தும் உடனிருந்தான். மால்டாவின் மதில்கள் வலியவை எனக் கண்டு அவர்கள் கோசோவுக்குத் திரும்பினர். பீரங்கிகள் தோன்றுவதற்கு முன் கட்டப்பட்ட கோசோக் கோட்டை சில நாட்களே தாங்கியது. ஆளுநர் கலாத்தியன் தெ செசே கோட்டையை ஒப்படைத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், அதாவது ஏறக்குறையத் தீவின் மக்கள் அனைவரும், கப்பல்களில் ஏற்றப்பட்டு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் மட்டும் இரவில் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பினர்.

ஒப்படைக்கும்போது நாற்பது பேரையாவது விடுவிக்குமாறு ஆளுநர் கேட்டதாகவும், இசைந்த சினான் பாஷா தீவிலேயே மிக முதிர்ந்த, தளர்ந்த நாற்பது பேரைப் பொறுக்கி விட்டுச்சென்றதாகவும் மரபு கூறுகிறது. அடிமைச் சந்தையில் முதியவருக்கு விலையில்லை. மற்றவரோடு ஆளுநரும் சிறையானார். கப்பல்கள் அகன்றபின் அந்த நாற்பது பேரும் என்ன செய்திருப்பர்? தீவு முழுதும் விளைநிலங்கள், திறந்து கிடக்கும் வீடுகள், தண்ணீர் காட்ட ஆளில்லாத ஆடுமாடுகள். வண்டியில் வரும்போது கேட்ட எந்தக் கதையிலும் அவர்களுக்கு இடமில்லை. கோட்டையில் சொல்லப்பட்டது வேறொருவரின் கதை.

பெர்னார்தோ என்னும் சிசிலி நாட்டு வீரர் அவர். கோட்டை வீழ்வது உறுதியானதும், தம் மனைவியும் இரு பெண்மக்களும் அடிமைப்படக் கூடாதென்று அவர்களைத் தம் கையாலேயே கொன்றுவிட்டு, பகைவரோடு பொருது மடிந்தார் என்பர். கோட்டைக்குள் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓட்டுநர் இதைப் பெருமிதத்தோடு சொன்னார். உடன் வந்தோர் தலையசைத்தனர். அம்மனிதரின் நெஞ்சில் அந்நேரம் என்ன கனன்றது என்பதை இறைவன் ஒருவரே அறிவார். அவரைத் தீர்ப்பிட நான் துணியேன். ஆனால் அச்செயலைப் புகழவும் என்னால் இயலாது. அந்தத் தாயிடமும் மகளிரிடமும் யார் கேட்டார்கள்? மானம் போனபின் உயிர் எதற்கு என்னும் பேச்சு நமக்கும் பழகியதே. அடிமைப்பட்டவர் வாழ்வு வாழத் தகாதது என்று அது சொல்லாமற் சொல்கிறது. சங்கிலியோடு வாழ்ந்த அந்த ஐயாயிரவரும் இறைச்சாயலை இழந்துவிடவில்லை. அவர்கள் பெயரில் ஒரு தெருவை நான் அங்கே காணவில்லை.

இங்கே மற்றொரு செய்தியையும் நோக்க வேண்டும். கோசோவைச் சூறையாடிய திராகுத் தானே அடிமையாயிருந்தவன். 1540-இல் ஜெனோவா நாட்டவரிடம் பிடிபட்டு, கிறிஸ்தவக் கப்பலில் சங்கிலியால் பிணிக்கப்பட்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் துடுப்பு வலித்தான். 1544-இல் பணயம் கொடுத்து மீட்கப்பட்டான். அதே காலத்தில், 1541-இல், புனித யோவான் சபையின் வீரர் ஒருவர் முஸ்லிம் கடலோடிகளிடம் பிடிபட்டு ஓராண்டளவு அவர்கள் கப்பலில் துடுப்பு வலித்தார். அவர்தாம் லா வலெட். 1565-இல் மால்டாவைத் துருக்கியர் முற்றுகையிட்டபோது சபைத் தலைவராய் நின்று நான்கு திங்கள் காத்து வென்றவர். அவர் பெயரால் வலெட்டா நகர் எழுந்தது. திராகுத் அம்முற்றுகையில் மாண்டான். துடுப்பின் சுமை இருவருக்கும் தெரியும். சங்கிலி உராய்ந்த புண் இருவர் காலிலும் இருந்திருக்கும். எனினும் விடுதலை பெற்றபின் இருவருமே பிறரைத் துடுப்பில் பிணைத்தனர்.

பள்ளிப் புத்தகங்களிலும் மறையுரைகளிலும் நாம் கேட்டுப் பழகியது பாதிக் கதையே. துருக்கியர் கிறிஸ்தவரை அடிமைகளாக்கினர் என்பது உண்மை. சிலுவை பொறித்த மேலாடை அணிந்த புனித யோவான் சபையார் முஸ்லிம்களையும் யூதரையும் கடலில் பிடித்து, வலெட்டாவின் சந்தையில் விற்றனர் என்பதும் அவ்வளவே உண்மை. அடிமைகளை இரவில் அடைத்துவைக்க அந்நகரில் பெரிய சிறைக்கூடம் இருந்தது. நகரின் மதில்களில் அவர்களுடைய உழைப்பும் கலந்துள்ளது. 1749-இல் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டு, அது வெளிப்பட்டுக் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். வேதனை என்னவெனில், பிடிபட்ட கிறிஸ்தவரை மீட்கத் திருச்சபை எவ்வளவோ பாடுபட்டது. 1198-இல் மூவொரு இறைவன் சபையும் 1218-இல் இரக்க அன்னை சபையும் அதற்கெனவே தோன்றின. 1607-இல் மால்டாவில் கப்புச்சின் துறவி ஒருவரின் தவக்கால மறையுரையைக் கேட்டு உருகிய மக்கள் பொருள் திரட்டி, அடிமை மீட்பு நிதி ஒன்றை நிறுவினர். ஆனால் அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், சந்தையும் நடந்துகொண்டிருந்தது. கண்ணீர் உண்மையானது, ஆயினும் அது ஒரு கரையை நோக்கி மட்டுமே வழிந்தது.

அச்சங்கிலியை உடைத்தவர் யார்? 1798 ஜூனில் எகிப்துக்குச் செல்லும் வழியில் மால்டாவைக் கைப்பற்றிய நெப்போலியன் அடிமைமுறையை ஒழித்து முஸ்லிம் அடிமைகளை விடுவித்தான். ஆலயங்களின் வெள்ளியைக் கவர்ந்தவனும் அவனே. (அவ்வாண்டு இறுதியில் பிரெஞ்சுப் படை கோசோவை விட்டு நீங்கியபோது சவேரியோ கஸ்ஸார் என்னும் தலைமைக் குரு ஏறக்குறைய மூன்றாண்டுகள் தீவை ஆண்டார் என்பது சுவையான தனிக் கதை.) திருச்சபையின் பிள்ளைகள் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் செய்யாததைக் கோவிலைக் கொள்ளையிட்டவன் ஒரே ஆணையில் செய்தான். திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் எழுதியது 1839-இல்தான். 1992-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், ஆப்பிரிக்க அடிமைகள் கப்பலேற்றப்பட்ட கோரேத் தீவில் நின்று, திருமுழுக்குப் பெற்றவர்கள் செய்த இப்பாவத்துக்காக மன்னிப்பு வேண்டினார். வலெட்டாவின் சிறைக்கூடமோ இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து பின்னர் இடிக்கப்பட்டது.

இத்தனைக்கும் மால்டா மக்கள் திருவிவிலியத்தில் நுழைவது வேறொரு முகத்தோடு. திருத்தூதர் பணிகள் நூலின் 28-ஆம் அதிகாரம் நினைவிருக்கும். கப்பல் உடைந்து 276 பேர் நனைந்து நடுங்கிக் கரையேறினர். அவர்களுள் கைதிகளும் இருந்தனர், அவர்களுள் ஒருவர் பவுல். மழையும் குளிருமாயிருந்தபடியால் தீவினர் நெருப்பு மூட்டி அனைவரையும் வரவேற்றனர். லூக்கா அம்மக்களைக் குறிக்கக் கையாளும் கிரேக்கச் சொல், வேற்று மொழி பேசுவோர் என்ற பொருளது. கைதி யார், காவலன் யார் என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததாக லூக்கா சொல்லவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் கோசோவின் தாபீனு அன்னை திருத்தலத்தில் செபித்து, மறுநாள் மால்டாவில், கடல் கடந்து வந்த புலம்பெயர்ந்தோரைச் சந்தித்தபோது நினைவூட்டியது இந்த வரவேற்பையே. அவர்களில் பலர் புறப்பட்டது லிபியாவிலிருந்து; 1551-இல் கோசோ மக்கள் கொண்டுபோய் இறக்கப்பட்ட திரிப்போலியும் அதே கரைதான்.

வெறுமையான தீவு மெல்ல நிரம்பியது. மீட்கப்பட்ட சிலர் திரும்பினர். மால்டாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் குடும்பங்கள் குடியேறின. அச்சம் மட்டும் அகலவில்லை: 1637 வரை தீவினர் அனைவரும் இரவில் கோட்டைக்குள்ளேயே உறங்க வேண்டும் என்பது சட்டம். கோட்டைக்குள் நிற்கும் விண்ணேற்பு அன்னை பேராலயம் 1697-இல் தொடங்கி 1711-இல் முடிந்தது. அதற்குத் திட்டமிட்ட குவிமாடம் எழவேயில்லை. ஆகவே 1739-இல் மெசினா நகர ஓவியர் ஒருவர், தட்டையான கூரையின் உட்புறத்தில் குவிமாடம் இருப்பதுபோலவே தீட்டிவிட்டார். பலிபீடத்தை நோக்கி நடக்கையில் தலைக்குமேல் ஆழ்ந்த வெளி விரிகிறது. நான்கு அடி விலகி நின்றால் கோணம் குலைந்து வெறும் பலகையாகிறது.

அங்கே மாலைத் திருப்பலியில் பங்குகொண்டேன். மால்டா மொழி அரபு வேரில் கிளைத்தது. 870-இல் வந்த அரபியர் விட்டுச்சென்ற பேச்சு, இத்தாலியச் சொற்களை உண்டு வளர்ந்தது. தவக்காலத்துக்கு அம்மொழியில் ரன்தான் என்றும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஈத் என்றும் பெயர். இறைவனை அவர்கள் அல்லா என்றே அழைக்கின்றனர். திரிப்போலியில் விலங்கோடு கிடந்த கோசோத் தாய் முணுமுணுத்ததும் அப்பெயரே. வலெட்டாச் சிறையில் திரிப்போலித் தாய் முணுமுணுத்ததும் அப்பெயரே. தீட்டிய குவிமாடத்தின் கீழ் இருபது முப்பது பேர், பெரும்பாலும் முதியவர்கள், அப்பெயரைச் சொல்லி மன்றாட்டுகளை எடுத்துரைத்தனர். மொழி அறியாத நான் அந்த ஒரு சொல்லை மட்டும் விளங்கிக்கொண்டு அவர்களோடு நின்றேன்.