ஒட்டு இல்லாத குழாய்

பி.காம். படித்தவனுக்குக் குழாய் எதற்கு என்று கேட்காதீர்கள் :-) விஷயம் சுவாரசியமானது.

எண்ணெய்க் கிணற்றில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கும் குழாய், வெளி அழுத்தத்தில் நசுங்காமல் நிற்க வேண்டும். முன்பெல்லாம் தகட்டை வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துத்தான் குழாய் செய்தார்கள். பற்றவைத்த இடம்தான் முதலில் விட்டுப்போகும்.

ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் அரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மானெஸ்மான் சகோதரர்கள், ராய்ன்ஹார்டும் மாக்ஸும், 1885-இல் புது முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சாய்வாக வைத்து, ஒரே திசையில் சுழலவிட்ட இரண்டு உருளைகளுக்கு நடுவே, பழுக்கக் காய்ச்சிய எஃகுத் தடியை விட்டால், சுழலச் சுழல அதன் நடுப்பகுதி தளர்ந்து துளை விழும். பிறகு முன்னும் பின்னுமாக உருட்டும் 'பில்கர்' முறையில் சுவரை மெலிதாக்கிக் குழாயை நீட்டினார்கள்.

ஒட்டு போயிற்று, வேறு தொல்லை வந்தது. துளை மையம் விலகினால் சுவர் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு. வட்டம் பிசகினாலும் குழாய் சீக்கிரம் நசுங்கும். அதனால்தான் அமெரிக்க ஏபிஐ தர விதி, குறித்த தடிமனில் 12.5 சதவீதத்துக்கு மேல் எங்கும் குறையக்கூடாது என்கிறது. சீராக உருட்டிய தகட்டை மின்சாரத்தால் பற்றவைக்கும் குழாய்கள் திரும்பவும் போட்டிக்கு வந்ததும் இதனால்தான்.

வங்கியில் சராசரி இருப்பைப் பார்ப்போம். குழாய்க்குச் சராசரி உதவாது. மிக மெலிந்த இடம்தான் கணக்கு.