நோய் விடுப்பு உரிமை (தமிழ்நாடு)

நோய் விடுப்பு உரிமை என்பது உடல்நலக் குறைவால் பணிக்கு வர இயலாத ஊழியருக்குச் சட்டம் அளிக்கும் ஊதிய விடுப்பு அல்லது ஊதிய ஈட்டுத்தொகை. தொழிலாளர் நலன் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால் ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டுமே இதில் சட்டம் இயற்றலாம். ஊராட்சிகளுக்கு அவ்வதிகாரம் இல்லை.

மாநில அரசு ஊழியர் 1933-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளுக்கு உட்பட்டவர். கடை, நிறுவன ஊழியருக்கு 1947-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ ஈட்டிய விடுப்பு மட்டுமே தந்தது. ஆலைத் தொழிலாளருக்கு அக்குறையை நிரப்பியது அதே ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) சட்டம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத காப்பீட்டாளர், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு பெறுவார். பணத்தை ஒன்றிய அரசின் ஈ.எஸ்.ஐ. கழகம் வழங்குகிறது. மருந்தகங்களை மாநில அரசு நடத்துகிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இத்திட்டத்தையும் உள்ளடக்கியது.

திண்டுக்கல் மாவட்டக் காந்திகிராமம் வட்டாரத்தில், பணிக்கேற்ப விதி மாறும் இவ்வேறுபாடு வெளிப்படை. ஒன்றிய நிதியில் இயங்கும் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஊழியரும் திண்டுக்கல் நூற்பாலைத் தொழிலாளரும் வெவ்வேறு விதிகளின்கீழ் வருகின்றனர். சின்னாளபட்டியில் கூலிக்கு நெய்யும் கைத்தறி நெசவாளர் இவ்விதிகள் எதிலும் அடங்குவதில்லை. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது.